சிஆர்பியா, டி-டைமரா? கொரோனா வார்டில் நான் நம்பிய ரத்தப் பரிசோதனை

2021 மே மாதம். எங்கள் சின்ன மருத்துவமனையில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. காய்ச்சலோடு வந்தவர்களில் யார் நான்கு நாளில் வீட்டுக்குப் போவார், யாருக்கு ஆக்சிஜன் வைக்க வேண்டிவரும் என்பது முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். சிஆர்பி, டி-டைமர், ஃபெரிட்டின், எல்டிஹெச், ஐஎல்-6 என்ற ரத்தப் பரிசோதனைகள் எல்லாவற்றையும் தினமும் எடுத்தால் அந்தக் குடும்பத்தின் கையிருப்பு மருந்து வாங்கும் முன்பே கரைந்துவிடும். உடலில் அழற்சி கூடுவதைக் காட்டும் புரதமான சிஆர்பியை நான் பிடித்துக்கொண்டேன். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் கல்லீரல் கோளாறிலும் ஏறும். செல்கள் சேதமானால் கசியும் நொதியான எல்டிஹெச், ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தாலே கூடிவிடும். ஐஎல்-6 அழற்சியைத் தூண்டும் புரதம்; அதன் மாதிரியை வெளியூருக்கு அனுப்பி ரிப்போர்ட் வருவதற்குள் நோயாளியின் நிலை மாறியிருக்கும். நாலைந்து பேருக்குத்தான் அதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் பேச எனக்கு அனுபவம் போதாது.

நிஜமான போட்டி டி-டைமரோடுதான். வூஹானின் 191 நோயாளிகளைப் பற்றி 2020 மார்ச்சில் லான்செட்டில் ஓர் ஆய்வு வந்தது. சேரும்போதே டி-டைமர் 1 மைக்ரோகிராமைத் தாண்டியவர்களுக்கு இறப்பு அபாயம் பல மடங்கு என்றது. அப்புறம் எல்லோரும் அதை எழுதத் தொடங்கினோம். உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சும் துணுக்கு அது. நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைத்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் அதுதான் துப்புக் கொடுக்கும், சிஆர்பி உதவாது. ஆனால் வயதானாலே ஏறும், கர்ப்பத்தில் ஏறும், அறுவை சிகிச்சை முடிந்தாலும் ஏறும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அலகு. ஒருவருக்கு முதல் லேபில் 420 வந்தது. இரண்டு நாள் கழித்து வேறொரு லேபில் 850. "ரெண்டு மடங்காயிடுச்சே சார்" என்று மகன் நடுங்கிப் போனார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண்ணுக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஒன்றில் டிடியு, மற்றதில் எஃப்இயு. இரண்டாவது அலகில் எண் சுமார் இரண்டு மடங்காகவே வரும். ரத்தத்தில் எதுவும் மாறவில்லை. சிஆர்பியிலும் லிட்டர், டெசிலிட்டர் குழப்பம் உண்டு, ஆனால் அது பத்து மடங்கு என்பதால் பார்த்ததுமே பிடிபடும்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் முடிவு செய்தது இதுதான்: நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை வைத்துப் பார்க்க முடிகிறதா? ஐஎல்-6 தூண்டித்தான் கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கிறது. ஆகவே எட்டாத ஐஎல்-6-இன் போக்கும் இதிலேயே ஓரளவு தெரிந்துவிடும். ரத்தத்தில் சிஆர்பியின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 19 மணி நேரம். சுரப்பு நின்றால் மறுநாளே எண் இறங்கும், நிற்காவிட்டால் ஏறும். காலையில் ரத்தம் எடுத்தால் மதியத்துக்குள் எங்கள் லேபிலேயே ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், காய்ச்சலின் ஆறாம் நாள் சேர்ந்தார். சிஆர்பி லிட்டருக்கு 22 மில்லிகிராம், மறுநாள் 58, அதற்கு அடுத்த நாள் 110. ஆக்சிஜன் அளவு அப்போதும் 95. கட்டிலில் சம்மணமிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டே "என்னை வீட்டுக்கு விடுங்க" என்றார். நான் அவரை ஆக்சிஜன் குழாய் உள்ள கட்டிலுக்கு மாற்றினேன். இரவு இரண்டு மணிக்கு ஆக்சிஜன் 89. குழாய் தலைமாட்டிலேயே இருந்தது. அதுவரை ஸ்டீராய்டு தொடங்கவில்லை. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பலன் தரவில்லை என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020-லேயே காட்டியிருந்தது. அதே ஆய்வில், ஐஎல்-6-இன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து யாருக்கு என்று பிரிக்க, ஆக்சிஜன் குறைவோடு சேர்த்துப் பார்த்த ரத்த எண்ணும் சிஆர்பிதான்: 75 அல்லது அதற்கு மேல்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா தொற்று சேர்ந்துகொண்டாலும் சிஆர்பி எகிறும். டோசிலிசுமாப் போட்ட பிறகு ஐஎல்-6-இன் வழி அடைபடுவதால் எண் தானாக விழும், அதை நம்பக் கூடாது. மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளியின் இறப்பு அபாயத்தைக் கணிக்கும் பிரிட்டனின் 4சி மதிப்பெண்ணில் மொத்தம் 21 புள்ளி. எண்பது வயது தாண்டினாலே 7, சிஆர்பிக்கு அதிகபட்சம் 2. அதாவது, நோயாளியின் வயதையும் மூச்சையும் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால் தவறிவிடும்.

கையில் காசே இல்லாதவருக்கு? சாதாரண ரத்த அணு எண்ணிக்கை போதும். இரண்டு வகை வெள்ளையணுக்களில், நியூட்ரோஃபில் சதவீதத்தை லிம்போசைட் சதவீதத்தால் வகுத்தால் 3.5-க்கு மேல் வருகிறவரைக் கூடுதலாகக் கவனிப்பேன். ஸ்டீராய்டு தொடங்கிவிட்டால் இந்தக் கணக்கு குழம்பும், அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இதெல்லாம் டெல்டா காலத்தில், தடுப்பூசி போடாத பெரியவர்களிடம் பார்த்தது. குழந்தைகளுக்கு இதை அப்படியே பொருத்த மாட்டேன். இப்போதும் வைரஸ் காய்ச்சலில் நுரையீரல் பாதித்து யாராவது சேர்ந்தால், முதல் நாள் அணு எண்ணிக்கை, யூரியா, சிஆர்பி எழுதுகிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை சிஆர்பி மட்டும், அதே லேபில். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கினாலோ, எக்ஸ்-ரே காட்டுவதைவிட மூச்சுத் திணறல் அதிகமாக இருந்தாலோ, ரத்தக்கட்டி சந்தேகத்தில் டி-டைமர்.