எட்டுச் சனிக்கிழமையும் 28,000 ரூபாவும்: திருநெல்வேலி ஆர்க்கிடெக்ட் கிளாஸ் எப்பிடி?

கிளாஸின்ர பேர் சொல்லேல்ல, ஏனெண்டா கடைசியில குறையும் சொல்லப்போறன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கடைக்கு மேல்மாடி எண்டு மட்டும் வையுங்கோ. நான் ஏழு வருசமா கோட் அடிக்கிற ஆள், அடுத்தது மனேஜராப் போறதா சொலூஷன் ஆர்க்கிடெக்டா, அதாவது ஒரு சொஃப்ட்வெயர் சிஸ்டத்தை முழுசா எப்பிடிக் கட்டுறதெண்டு முடிவெடுக்கிற ஆளாப் போறதா எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கேக்க கூட்டாளி ஒருத்தன் இழுத்துக்கொண்டு போனவன். காலமை 9 தொடக்கம் 1 மட்டும். ஏடபிள்யூஎஸ்ஸில (அமேசனின்ர கிளவுட், சேர்வர் வாடகைக்கு எடுக்கிற இடம்) எந்த பட்டனை அமத்துறதெண்டு காட்டித் தருவினம் எண்டுதான் நினைச்சுக்கொண்டு போனனான்.

சேர் லப்டொப்பே திறக்கேல்ல. போர்ட்டில ஒரு வளவு கீறிப்போட்டு, "இதுக்குள்ள கிணறு எங்க, கக்கூஸ் குழி எங்க?" எண்டார். எங்கட நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல், குழித்தண்ணி வெடிப்புகளுக்கால கிணத்துக்குப் போயிடும், அது இஞ்ச எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். "பெயின்ற் பிடிக்காட்டி அடுத்த வருசம் மாத்தலாம் தம்பி, குழியைக் கிணத்தடியில வெட்டிப்போட்டு வீட்டையும் கட்டி முடிச்சா என்ன செய்வீர்? ஆர்க்கிடெக்சர் அந்தக் குழி."

எனக்கு உடன போன வருசத்துக் கூத்து ஞாபகம் வந்தது. நாங்கள் செய்த ஓடர் சிஸ்டத்தில எஸ்எம்எஸ் போய் முடிஞ்சாத்தான் ஓடர் முடியும், ஒருநாள் பின்னேரம் எஸ்எம்எஸ் அனுப்புற கேட்வே இழுக்கத் தொடங்க, சேர்வரில வேலை செய்யிற திரெட் எல்லாம் அதையே பாத்துக்கொண்டு நிக்க முழு சைட்டும் படுத்திட்டுது. நான் எழுதின ஃபங்ஷனில ஒரு பக் இல்லை, ஓடவிட்ட டெஸ்ட் எல்லாம் பச்சை. நடுவில மெசேஜுகளை வரிசையில பிடிச்சு வைக்கிற ஒரு கியூ வைச்சிருந்தா மெசேஜ் கொஞ்சம் பிந்திப் போயிருக்கும், அவ்வளவுதான்.

நாலாம் கிழமைதான் குடுத்த காசு பெறுமதியான நாள். யாழ்ப்பாணம் – கொழும்பு இரவு பஸ்ஸுக்கு ஓன்லைன் சீற் புக்கிங் டிசைன் பண்ணச் சொன்னார். நாங்கள் விடுவமே, எட்டு மைக்ரோசேர்விஸ் (சிஸ்டத்தைத் தனித்தனித் துண்டாப் பிரிக்கிறது), காஃப்கா, குபர்னெட்டிஸ் எண்டு பெரிய கொம்பனியள் பாவிக்கிற சாமானெல்லாம் போர்ட் நிறையக் கீறினம். பாத்திட்டு, "ஒரு இரவைக்கு எத்தினை சீற்?" எண்டு மட்டும் கேட்டார். 40 பஸ், 45 சீற் எண்டு வைச்சாலும் 1,800, நல்லூர்த் திருவிழா 25 நாளும் மூண்டு மடங்கெண்டாலும் 5,400. இதுக்கு ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் காணும். அமேசன் பிரைம் வீடியோவிலயே ஒரு டீம் பிரிச்சு வைச்சிருந்த மொனிற்றரிங் சேர்விஸை 2023இல திருப்பி ஒண்டாக்கி 90 வீதம் செலவு குறைச்சதாம்.

அப்ப சிக்கல் எங்க? பஸ் ஏஜென்ட் ஃபோனில 12ஆம் சீற்றைக் கொப்பியில எழுதுற நேரம் ஓன்லைனிலயும் 12 போனா? லைன் அறுந்தா ஏஜென்ட் வித்துக்கொண்டே இருக்கிறதா, வரும் வரைக்கும் நிப்பாட்டுறதா? வித்தா ஒரு சீற்றுக்கு ரெண்டு பேர், நிப்பாட்டினா யாவாரம் இல்லை. எரிக் புரூவர் எண்ட கொம்பியூட்டர் விஞ்ஞானி 2000இல சொன்ன கப் (CAP) தியரம் இதுதான், லைன் அறுந்தா கணக்கு ஒத்துப்போறதோ வேலை நிக்காம நடக்கிறதோ, ரெண்டில ஒண்டைத்தான் பிடிக்கலாம்; இன்ரவியூக்கெண்டு பாடமாக்கி வைச்சிருந்தனான், ஏஜென்டின்ர கொப்பியை வைச்சுத்தான் விளங்கினது. பின்வரிசையில இருந்த பெடிச்சி ஒராள், "பஸ்ஸுக்கு ஆறு சீற் ஏஜென்டுக்கெண்டே ஒதுக்கிவிட்டா?" எண்டாள். சேர் சோக்கைக் கீழ வைச்சிட்டார்.

இன்னொண்டு, கஸ்ரமர் 'எந்த நேரமும் வேலை செய்யோணும்' எண்டா தலையாட்டாதேங்கோ எண்டார். 99.9 வீத நேரம் வேலை செய்யோணுமெண்டா சிஸ்டம் வருசத்துக்குக் கிட்டத்தட்ட 8 மணி 45 நிமிசம் படுக்கலாம், 99.99 எண்டா 52 நிமிசம்தான், அந்த வித்தியாசத்துக்கு எவ்வளவு குடுப்பியள் எண்டு கேக்கோணுமாம். ஒவ்வொரு கிழமையும் ஒரு பக்க வீட்டுவேலை: என்ன முடிவெடுத்தனீங்கள், எதை விட்டனீங்கள், ஏன். அலுப்படிக்கும், ஆனா இப்ப ஒஃபிஸிலயும் எழுதுறன்.

இனிக் குறை. கடைசி ரெண்டு கிழமையும் ஏடபிள்யூஎஸ் அசோசியேற் எண்ட சேர்டிஃபிகேற் சோதினைக்கு எண்டு வேற ஒராள் வந்து ஸ்லைட்டைப் பாத்து வாசிச்சார். 130 நிமிசம், 65 கேள்வி, 1000க்கு 720 எடுக்கோணும், 150 டொலர், இது இணையத்திலயே கிடக்கு, இதுக்கு ஏன் மேல்மாடி ஏறுவான்? முதலாளியோட கதைச்சு 'இது வேண்டாம்' எண்டு விளங்கப்படுத்துறது ஆர்க்கிடெக்டின்ர பாதி வேலை, அதுக்கு அரை மணித்தியாலந்தான். சேர் வடிவான தமிழில சொல்லுறார், நோட்ஸ் மட்டும் முழுக்க இங்கிலிஸ். கரண்ட் போனா ஃபானும் இல்லை.

மூண்டு நாலு வருசமெண்டாலும் கோட் அடிச்சு, இரவில சேர்வர் விழுந்து எழும்பின ஆக்களெண்டா போங்கோ. எங்களோட வந்த கம்பஸ் பெடியன் ரெண்டாம் கிழமையோட நிண்டிட்டான், அவனில பிழை இல்லை. அடுத்த பச் தைப்பொங்கல் முடியத் தொடங்குதாம். கீழ்க்கடையில வாய்ப்பன் பத்தரைக்கு முதல் முடிஞ்சிடும், பிரேக் எண்டு சேர் வாய் திறக்கேக்கையே இறங்கிடுங்கோ.