டாமியா 1/48 ஸ்பிட்ஃபயர் எம்கே 1, வாங்கலாமா?

ஸ்பிட்ஃபயர்ங்கற ரெண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் போர் விமானத்த, நிஜ அளவுல 48ல ஒரு பங்கா நாமளே ஒட்டி பெயிண்ட் அடிக்கிற பிளாஸ்டிக் மாடல் கிட், டாமியா கம்பெனியோடது. 1993ல வந்த அவங்களோட பழைய ஸ்பிட்ஃபயர் கிட் இல்லைங்க இது, 2018ல புது மோல்டுல விட்டது, கடைல பாக்ஸ் பாத்து வாங்குங்க.

ஃபிட்டிங் சும்மா சொல்லக்கூடாது. இறக்கையும் உடம்பும் சேர்ற இடத்துல இடுக்க அடைக்கிற புட்டியே தேவைப்படல, அதுக்குன்னு எடுத்து வச்ச புட்டி டியூப் இன்னும் திறக்காமலே கெடக்கு. ஒட்ட பச்சை மூடி போட்ட எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட் தான் பெஸ்ட், ரெண்டு பார்ட்டையும் சேத்துப் புடிச்சுகிட்டு பிரஷ்ஷால இடுக்குல லேசா தொட்டா போதும், அதுவே உள்ள ஓடி பிளாஸ்டிக்க கரைச்சு ஒண்ணாக்கிடும். ஆனா கேனப்பி மாதிரி கண்ணாடி பார்ட்டுக்கு கை தவறி அத ஊத்திறாதீங்க, கறை போகவே போகாது, அங்க வெள்ளை பசை தான்.

பெயிண்ட் விஷயம் தான் பொறுமை கேக்கும். 1940 பிரிட்டன் சண்டை கலர்னா மேல பச்சையும் மண் கலரும், கீழ ஸ்கைனு சொல்ற வெளிர் பச்சை, டாமியா பெயிண்ட்ல அதோட நம்பர் எக்ஸ்எஃப்-21. ஏர்பிரஷ் (காத்துல பெயிண்ட் ஸ்பிரே பண்ற கருவி) இருந்தா மெல்லிசா ரெண்டு மூணு கோட் அடிங்க, சாதா பிரஷ்ல இந்த அக்ரிலிக் பெயிண்ட் கொஞ்சம் அடம் பிடிக்கும், முதல் கோட் காயாம மேல இழுத்தா அடில உள்ளதும் சேந்து உரிஞ்சு வரும். டெக்கால் (விமானத்து மேல ஒட்டுற சின்னம், எண் ஸ்டிக்கர்) ஒட்டுறதுக்கு முன்னாடி பளபளப்பான கிளாஸ் (gloss) கோட் கட்டாயம், இல்லன்னா வெள்ளை வெள்ளையா பூத்து தெரியும்.

விலை கூட தான். முடிச்சா கைல 19 செமீ நீளம் தான் இருக்கும், "இதுக்கா இவ்ளோ காசு?"னு வீட்ல கேப்பாங்க, அதுக்கு என்கிட்டயும் பதில் இல்ல. முதல் கிட்டா வாங்குறவங்க 1/72 அளவுல ஏதாவது சின்னதா பாருங்க.