சென்னையா பெங்களூரா, மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி

போன வாரம் கூட வேலை பார்த்த தம்பி ஒருத்தன் போன் பண்ணான், ரெண்டு ஊர்லயும் ஆஃபர் வந்துருக்கு, "அண்ணா பெங்களூர்ல சம்பளம் கூட, கிளைமேட்டும் சூப்பர், அங்கயே போயிடவா"ன்னு. பாதி முடிவு பண்ணிட்டுதான் கேட்டான். நான் பெங்களூர்ல ஆறு வருஷம், அப்புறம் சென்னைல நாலு வருஷம், எல்லாமே வாடகை வீட்ல குடும்பத்தோட இருந்தவன். சம்பளமும் கிளைமேட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரியும், ஆனா போன பிறகு நம்மள அலைய விடுறது வேற விஷயங்கள், அதைத்தான் அவன்கிட்ட ஒரு மணி நேரம் பேசினேன்.

முதல்ல தண்ணி. பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டர் உயரத்துல இருக்குற ஊரு, காவிரி தண்ணிய கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளி இருந்து பம்ப் பண்ணி மேல ஏத்திதான் கொண்டு வர்றாங்க. பழைய ஏரியால காவிரி கனெக்ஷன் இருக்கும். ஐடி கம்பெனி இருக்குற வெளிப்பகுதி நிறைய 2007ல ஊரோட சேர்த்த 110 கிராமங்கள்ல வருது, அங்க ரொம்ப வருஷமா போர்வெல் தண்ணியும் தண்ணி லாரியும்தான், 2024 மார்ச்ல போர்வெல் வத்தினப்ப பட்ட பாடு எல்லாரும் டிவில பார்த்தோம். அந்த வருஷம் அக்டோபர்ல இந்த கிராமங்களுக்காக காவிரி அஞ்சாவது கட்டத் திட்டம் ஆரம்பிச்சாங்க, ஆனா மெயின் ரோட்ல குழாய் போனா மட்டும் பத்தாது, உங்க பில்டிங் கனெக்ஷன் வாங்கியிருக்கான்னு பாக்கணும்.

சென்னை மட்டும் என்ன வாழுது, 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு போச்சு. இப்போ நெம்மேலில கடல் தண்ணிய குடிநீராக்குற பிளான்ட் ஓடுறதால கொஞ்சம் பரவால்ல. ஆனா ஐடி கம்பெனி நிறைய இருக்குற ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் ரோடு) பக்கம் இன்னும் லாரிதான், விடிகாலைல அந்த மோட்டார் சத்தத்துலதான் நான் எந்திரிப்பேன். எங்க வீட்டு போர் தண்ணில குளியலறை குழாய் மூணே மாசத்துல வெள்ளையா உப்பு பூத்துருச்சு, வாங்கி ஒரு வருஷம் ஆகாத ஹீட்டர் காயில் போச்சு. அதனால வீடு பாக்கப் போறப்ப புரோக்கர்கிட்ட தண்ணி பத்தி கேக்காதீங்க, அவர் நல்லாத்தான் சொல்லுவார். தெருமுனைல இஸ்திரி வண்டி வச்சிருப்பாரு பாருங்க, அவர்கிட்ட கேளுங்க. பெங்களூர்ல எங்க தெரு இஸ்திரிக்காரர் தர்மபுரிக்காரர், "அந்த பில்டிங்கா, ஏப்ரல் வந்தா தினம் ரெண்டு லாரி நிக்கும் சார்"னு ஒரே வரில சொல்லிட்டாரு, அந்த வீட்ட விட்டுட்டோம்.

மழை விஷயத்துல சென்னைக்குதான் பயப்படணும். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், ரெண்டுலயும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் தண்ணி நின்னுச்சு. பெங்களூர்லயும் 2022 செப்டம்பர்ல பெல்லந்தூர் சைடு வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சு, மறந்துடக்கூடாது. நான் சொல்றது, முடிஞ்சா சென்னை வீட்ட நவம்பர்ல பாருங்க, பெங்களூர் வீட்ட ஏப்ரல்ல பாருங்க. காம்பவுண்ட் சுவத்துல முழங்கால் உயரத்துல ஒரு கறை கோடு ஓடுதான்னு குனிஞ்சு பாருங்க, புது பெயின்ட் அடிச்சிருந்தா பக்கத்து வீட்டு சுவத்த பாருங்க.

போக்குவரத்துல சந்தேகமே இல்ல, சென்னைதான். பீச் தாம்பரம் லைன்ல 10 ரூபா டிக்கெட்ல ஊரோட ஒரு முனைல இருந்து இன்னொரு முனைக்குப் போயிடலாம், பெங்களூர்ல அப்படி ஒரு புறநகர் ரயில் இல்ல. வீட்டுக்காரம்மா பஸ்ல போறவங்கன்னா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, ரெண்டு ஊர்லயும் பெண்களுக்கு ஃப்ரீ, ஆனா கர்நாடகால அந்த ஊர் அட்ரஸ் இருக்குற ஐடி காட்டணும், இங்க சாதாரண கட்டண பஸ்ல சும்மா ஏறிக்கலாம். கார் எடுத்துட்டு பெங்களூர் போனா 12 மாசத்துக்கு மேல அங்க ஓட்டுறதுக்கு ரீ-ரெஜிஸ்டர் பண்ணணும், இங்க என்ஓசி (தடையில்லா சான்று) வாங்கணும், அங்க லைஃப் டேக்ஸ் கட்டணும், இது சின்ன செலவு இல்ல. சம்பள வித்தியாசத்துல இதையும் கழிச்சுப் பாருங்க.

அட்வான்ஸ் ரெண்டு ஊர்லயும் கொடுமை. தமிழ்நாட்டுல 2017ல போட்ட வாடகை சட்டப்படி வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாட்டி மூணு மாச வாடகைக்கு மேல கேக்கக்கூடாது, நடைமுறைல கேக்கத்தான் செய்றாங்க. பெங்களூர்ல நான் பத்து மாசம் குடுத்தேன், காலி பண்றப்ப பெயின்டிங்னு ஒரு மாச வாடகைய ஓனர் புடிச்சுக்கிட்டாரு, அக்ரிமென்ட்ல கடைசி பக்கத்துல இருந்துச்சு, நான் படிக்கல. நீங்க படிங்க. குடி போற அன்னிக்கே சுவரு, குழாய், ஸ்விட்ச் போர்டு எல்லாம் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்ல அனுப்பி வச்சுருங்க.

புள்ளைங்க இருந்தா இன்னொண்ணு. பெங்களூர் ஸ்கூல்ல கன்னடம் பாடமா வரும், 2015லயே அதுக்கு சட்டம் போட்டாங்க. ரெண்டாவது படிக்கிற குழந்தை ஆறு மாசத்துல புடிச்சுக்கும், எங்க பொண்ணு புடிச்சா. எட்டாவது படிக்கிற பையன கூட்டிட்டு போறது ரொம்ப கஷ்டம், அவனுக்காகவே சென்னைய யோசிக்கலாம். தமிழ் எழுதப் படிக்கவும் நீங்கதான் வீட்ல உக்காந்து சொல்லிக் குடுக்கணும், நாங்க சனிக்கிழமை சனிக்கிழமை சொல்லிக் குடுத்தோம்.

இவ்வளவும் கேட்டுட்டு "அப்ப சென்னைன்னு சொல்றீங்களா"ன்னான். இல்ல. அவன் கிருஷ்ணகிரிக்காரன், அம்மா அங்க தனியா இருக்காங்க, பெங்களூர்ல இருந்து 90 கிலோமீட்டர்தான், சென்னைன்னா 250க்கு மேல. ராத்திரி போன் வந்தா ரெண்டு மணி நேரத்துல போய் நிக்கலாம், அதுக்கு முன்னாடி நான் மேல சொன்ன எதுவும் பெருசில்ல. அவனுக்கு பெங்களூர் ஆஃபீஸ் எலக்ட்ரானிக் சிட்டில, அந்த வழியா 2025 ஆகஸ்ட்ல இருந்து மெட்ரோ மஞ்சள் லைன் பொம்மசந்திரா வரைக்கும் ஓடுது. அந்த பக்கமே ஒரு மாசம் பிஜி ஹாஸ்டல்ல தங்கி, ரெண்டு மூணு தெருவுல இஸ்திரிக்காரங்கள விசாரிச்சுட்டு வீடு புடி, உன் பொண்ணுக்கு வருஷக் கடைசி பரீட்சை முடிஞ்ச பிறகு குடும்பத்த கூப்பிட்டுக்கோன்னு சொல்லிருக்கேன்.