ஏற்காட்டு வளைவுகளில் ஏரியா ஸ்பெல்: வார்கிராஃப்ட் 3 வேர்ல்டு எடிட்டர் விமர்சனம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், பல இடங்களில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக. அதை, எதிரியைத் தடுத்து ஆடும் தற்காப்பு மேப்பாக்க (மேப் என்றால் ஆட்டக்களம்), 2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3 என்ற கணினிப் போர் விளையாட்டோடு சேர்ந்தே கிடைக்கும், மேப் உருவாக்கும் வேர்ல்டு எடிட்டர் இன்றும் அருமையான கருவி. ஒரே ஒரு பெரிய குறை: கீழ் வளைவில் நெருப்பு போட்டால் மேல் வளைவில் நிற்கும் யூனிட்டும் (படைவீரர், கட்டடம் போன்றவை) எரியும். தூரக் கணக்கில் உயரம் சேர்வதில்லை.

இப்படி ஒரு பரப்பையே தாக்கும் புது ஸ்பெல்லுக்கு (மந்திரத்துக்கு), எடிட்டரில் ஏற்கெனவே உள்ள 'சேனல்' எபிலிட்டியை (திறனை) நகலெடுப்பதே நல்லது. 'விசிபிள்' டிக் செய்யாவிட்டால் பட்டனே தெரியாது; 'டார்கெட்டிங் இமேஜ்' டிக் செய்தால்தான் பரப்பு வட்டம் வரும். ஃபாலோ த்ரூ டைம் (ஸ்பெல் போட்டபின் ஹீரோ அதிலேயே நிற்கும் நேரம்) 0. ஒரே ஹீரோவுக்கு இப்படி இரண்டு ஸ்பெல் என்றால் பேஸ் ஆர்டர் ஐடியை (ஸ்பெல்லைக் கிளப்பும் கட்டளையின் பெயரை) ஒவ்வொன்றுக்கும் வேறாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒன்றை அழுத்த இன்னொன்று கிளம்பும்.

ட்ரிகரில் (ஒரு நிகழ்வு நடந்ததும் ஓடும் கட்டளைத் தொகுப்பில்) 'பிகின்ஸ் காஸ்டிங்' நிகழ்வு வேண்டவே வேண்டாம். அது மானா (ஸ்பெல்லுக்குச் செலவாகும் சக்தி) கழிவதற்கு முன்பே ஓடும். ஆட்டக்காரர் உடனே ஸ்டாப் அழுத்தினால் இலவசமாக அடி விழும். 'ஸ்டார்ட்ஸ் த எஃபெக்ட்' தான் சரி. பிறகு இலக்குப் புள்ளியைச் சுற்றி 512 அலகுக்குள் உள்ள, உயிரோடு இருக்கும் எதிரி யூனிட்களை எடுக்க வேண்டும். ஒரு டைல் (தரைக் கட்டம்) 128, ஆக 4 டைல் ஆரம். எபிலிட்டியில் எழுதும் பரப்பும் இதுவும் ஒன்றாக இருக்கட்டும், வட்டம் பொய் சொல்லக் கூடாது. இந்தத் தேர்வு யூனிட்டின் மையத்தை மட்டுமே பார்ப்பதால், ஓரத்தில் நிற்கும் பெரிய கட்டடம் தப்பிவிடும்.

எரிந்துகொண்டே இருக்கும் நெருப்புக்கு 0.5 விநாடிக்கு ஒருமுறை 20 டேமேஜ், 10 தடவை. ஒவ்வொரு தடவையும் யூனிட்களைப் புதிதாக எடுங்கள். அப்போதுதான் நடுவில் நுழைபவர்களும் எரிவார்கள். இதற்கு, காத்திருக்கச் சொல்லும் 'வெயிட்' கட்டளை உதவாது: நேரம் துல்லியமாக இராது, இரண்டு ஹீரோ ஒரே சமயம் போட்டால் பொது மாறிகள் ஒன்றையொன்று அழிக்கும். டைமரும், ஒவ்வொரு ஸ்பெல்லின் விவரத்தையும் தனித்தனியே வைக்கும் அர்ரேயும் போடுங்கள். வேலை முடிந்த புள்ளிகளையும் குரூப்களையும் அழிக்காமல் விட்டால் நினைவகம் கசியும். அலை அலையாக எதிரி வரும் மேப்பில் அது சீக்கிரமே இழுவையாகத் தெரியும்.

இனி மலைச் சிக்கல். நிலத்தை உயர்த்தும் தூரிகையால் மேடு எழுப்பினால் கிளிஃப் மட்டம் (செங்குத்துப் பாறை அடுக்கின் எண்) மாறாது, ட்ரிகரால் வளைவுகளைப் பிரிக்க முடியாது. வளைவுகளைக் கிளிஃப் கருவியாலேயே கட்டுங்கள். மேலும் கீழுமாக வரும் இரண்டு வளைவுகளுக்கு இடையே 2 மட்டம் விடுங்கள். டேமேஜ் கொடுக்குமுன் இலக்கின் மட்டத்தையும் யூனிட்டின் மட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் 1 வரை அனுமதியுங்கள். அப்படிச் செய்தால் சரிவில் ஏறிக்கொண்டிருப்பவர் தப்ப மாட்டார், மேல் வளைவில் நிற்பவருக்கு அடி விழாது. 20 வளைவையும் வரைய ஆசை வரும். முதலில் மூன்று வளைவு போட்டு இந்தக் கணக்கைச் சோதித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

வட்டப் பரப்புக்கு டேமேஜ் கொடுக்க ஒற்றை வரி ஆக்‌ஷன் ஒன்றும் உண்டு. சுலபம்தான், ஆனால் சொந்தப் படையையும் அடிக்கும். குறுகலான மலைப்பாதைக்கு அது ஆகவே ஆகாது.

5-க்கு 4 தரலாம். உயரத்தைப் பார்க்கும் தேர்வு ஒன்று உள்ளேயே இருந்திருந்தால் முழு மதிப்பெண்.