அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம்: கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்குக் கட்டுப்படியானதா?

2020 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த இந்தக் கொரோனா காலக் கடனில் பெரிய நிம்மதி, கூடுதல் அடமானம் கேட்கவில்லை. வங்கி வட்டிக்கு உச்சவரம்பு 9.25 சதவீதமாக இருந்தது.

இடித்தது கணக்கெடுத்த தேதி. 2020 பிப்ரவரி 29 அன்று இருந்த கடன் பாக்கியில் 20 சதவீதம்தான் முதல் கட்டத்தில் கிடைத்தது. மாங்கூழ் ஆலைக்குப் பணம் தேவைப்படுவதோ பெங்களூரா ரக மாங்காய் லோடு லோடாக வந்து இறங்கும் ஜூன், ஜூலையில். சரக்கை விற்றுப் பிப்ரவரிக்குள் பாக்கியை ஒழுங்காகக் குறைத்தவருக்குத்தான் தொகையும் குறைந்தது. நல்ல வேடிக்கை!

40 லட்சம் பாக்கி இருந்தால் 8 லட்சம் கிடைத்தது. முதல் 12 மாதம் அசல் கட்ட வேண்டியதில்லை என்று இருந்தது. ஆனால் வட்டி ஓடியது, உச்சவரம்பில் மாதம் ஏறக்குறைய 6,170 ரூபாய். பிறகு 36 தவணை, அசல் மட்டும் 22,222. சீசன் வருமானத்தை வைத்து மாதத் தவணை கட்டுவதில்தான் பலருக்கும் கையைக் கடித்தது.