விடியும்வரை பொறுத்திருத்தல்: ‘தி வாக்கிங் டெட்’ தொடரை மூன்று முறை பார்த்த அனுபவம்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் திரும்ப இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. நான்காவதோ ஐந்தாவதோ இரவு, காவலுக்கு நின்ற எங்களிடம் ஓர் இளைஞன் பிடிபட்டான். பக்கத்து வீட்டு ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு போக வந்தவன். சாய்ந்து கிடந்த வேப்பமரத்தில் அவனைக் கட்டிவைத்தோம். போலீஸ் நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. கையை உடைத்து அனுப்பலாம் என்றார் ஒருவர். என் கையிலும் தடி இருந்தது; அடிக்க வேண்டும் என்ற வெறியும் இருந்தது. தெருக்கோடி வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் வந்தார். “விடியட்டும் தம்பி. வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் அடியுங்கள்” என்றார். விடிந்தது. யாரும் அடிக்கவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து இந்தத் தொடரைப் பார்க்கத் தொடங்கினேன். 2010 அக்டோபர் 31இல் தொடங்கி 2022 நவம்பர் 20இல் முடிந்த தொடர். 11 சீசன்கள், 177 எபிசோடுகள். செத்தவர்கள் எழுந்து நடக்கும் உலகில், ரிக் கிரைம்ஸ் என்ற காவல் அதிகாரி தன் கூட்டத்தைக் காப்பாற்றப் பாடுபடும் கதை. பார்க்காதவர்களுக்கு இவ்வளவு போதும். நடைப்பிணங்களுக்காக இதைப் பார்க்கத் தேவையில்லை. மனிதன் மனிதனைக் கொல்லலாமா, கொல்வதென்றால் அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்காகப் பார்க்கலாம்.

இரண்டாம் சீசனில் ரேண்டல் என்ற இளைஞன் கைதியாகச் சிக்குகிறான். இவர்கள் தங்கியிருக்கும் பண்ணை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய கூட்டமோ கொடியது. விட்டால் ஆபத்து, வைத்துக்கொண்டால் சோற்றுக்குப் பாரம். கொன்றுவிடுவது என்று முடிவாகிறது. டேல் என்ற முதியவர் மட்டும் மாலைவரை அவகாசம் கேட்டு, ஒவ்வொருவரையும் தேடிப்போய்க் கெஞ்சுகிறார். அந்தக் காட்சியில் திரையை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். வேப்பமரமும் வாத்தியார் குரலும் திரும்ப வந்துவிட்டன. ஆனாலும் அந்த முதல் முறை என் மனம் ரேண்டலைக் கொன்றே ஆகவேண்டும் என்று நின்ற ரிக்கின் நண்பன் ஷேன் பக்கமே சாய்ந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிள்ளைகுட்டி உள்ளவன் வேறு என்ன செய்வான் என்று நினைத்தேன்.

2020 ஊரடங்கில் இரண்டாம் முறை பார்த்தபோது அம்மாவும் உடன் உட்கார்ந்தார். தைப்பூசத்துக்குத் தவறாமல் வடலூர் போகிறவர் அவர். 1867இல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு அணையாமல் எரிகிற மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு இந்த ரத்தமெல்லாம் பிடிக்காது என்றுதான் நினைத்தேன். அவரோ ஹெர்ஷலைப் பிடித்துக்கொண்டார். நடைப்பிணங்களை நோயாளிகள் என்று நம்பி, கொல்ல மனமின்றிக் கொட்டகையில் பூட்டி வைத்திருக்கும் பண்ணைக்காரர் அவர். “அவர் நினைத்தது தப்பாக இருக்கலாம். கொல்வதற்கு முன்னால் யோசித்தாரே, அது தப்பில்லையே” என்றார் அம்மா. அந்த ஒரு வாக்கியத்தால் தொடர் எனக்கு வேறாகிவிட்டது.

அதன் பிறகுதான், ரிக்குக்குத் தொடக்கத்திலேயே உதவிய மார்கனை ஒழுங்காகக் கவனித்தேன். ஆறாம் சீசனில் ஈஸ்ட்மேன் என்பவர் அவனுக்குக் கம்பு வீசக் கற்றுத்தருகிறார். தன் குடும்பத்தைக் கொன்றவனைக் கூண்டில் அடைத்து 47 நாள் பட்டினி போட்டுச் சாகடித்தவர் அவர். அதில் நிம்மதி கிடைக்காததால், இனி எந்த உயிரையும் எடுப்பதில்லை என்று முடிவுசெய்தவர். அந்தப் பாடத்தைச் சுமந்துகொண்டு மார்கன் எதிரி ஒருவனை உயிரோடு வைக்கிறான். அவன் தப்பி, டெனிஸ் என்ற மருத்துவரைப் பணயமாகப் பிடிக்கிறான். பிறகு அவனே அவளைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறான். அன்றிரவு கண்ணில் குண்டு பாய்ந்த ரிக்கின் மகனைப் பிழைக்கவைப்பவள் அந்த டெனிஸ்தான். மார்கன் விட்டுவிட்ட வேறு சிலர் ரிக்கையே கொல்ல வந்ததையும் தொடர் மறைக்கவில்லை. இரக்கத்துக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும், அதனால் என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. இந்த நேர்மைக்காகவே நான் இதை மதிக்கிறேன்.

திருக்குறள் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. தன்னுயிரே போவதானாலும் பிறிதோர் இன்னுயிரை நீக்கும் வினையைச் செய்யாதே என்கிறது 327ஆம் குறள். கொலையிற் கொடியாரை வேந்தன் தண்டிப்பது பயிருக்குக் களையெடுப்பது போன்றது என்கிறது 550ஆம் குறள். முதலாவது ஒவ்வொரு மனிதனுக்கும் சொன்னது, இரண்டாவது அரசனுக்குச் சொன்னது. அரசே அழிந்துபோன பிறகு களைக்கொட்டு யார் கையில் இருக்கும்? ரிக் அதைத் தானே எடுத்துக்கொள்கிறான். அதே ஆறாம் சீசனில் அவன் கூட்டம் நள்ளிரவில் எதிரிகளின் இடத்துக்குள் புகுந்து, தூங்குகிறவர்களைக் குத்துகிறது. அதுவரை மனித உயிரை எடுக்காத கிளென் அழுதுகொண்டே கத்தியை இறக்குகிறான். களையெடுப்பு என்று அதைச் சொல்ல என் நா எழவில்லை.

குறைகளும் உண்டு. ஏழாம் எட்டாம் சீசன்கள் மிக நீளம். எதிரிக் கூட்டத்தின் தலைவன் நீகன், ரிக் கூட்டத்துக் கிளெனையும் ஆபிரகாமையும் கொல்லும் காட்சியில் கொடுமையைக் காட்டுவதிலேயே படைப்பாளிகள் மூழ்கிவிட்டார்கள் என்பது என் எண்ணம். கொலையின் கனம் அங்கே குறைகிறது. பிறகு சண்டை, மறுபடி சண்டை. ஆனால் அந்த இடத்தில் விட்டுவிடாதீர்கள். எட்டாம் சீசனின் முடிவில் நீகனின் கழுத்தை அறுத்த ரிக்கே, உடனே அவனைக் காப்பாற்றச் சொல்கிறான். இறந்துபோன மகன் கடிதத்தில் கேட்டுக்கொண்டது அது. கிளெனின் மனைவி மேகிக்கு அந்த முடிவு துரோகமாகப்படுகிறது. அவள் பக்கத்தையும் தொடர் கடைசி எபிசோடுவரை கைவிடுவதில்லை: உன்னை மன்னிக்க முடியவில்லை என்று நீகனிடம் நேருக்கு நேர் சொல்கிறாள், ஆனால் கொல்லவில்லை. மன்னிப்பில்லாமலும் ஒருவனை உயிரோடு விடலாம் என்பதை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை.

இப்போது மூன்றாம் முறை. பதினைந்து வயது மகள் உடன் பார்க்கிறாள். நேற்று, ரிக் கூட்டத்தைச் சேர்ந்த கேரல் என்ற பெண் காய்ச்சல் பரவாமல் தடுக்க நோயாளிகள் இருவரைக் கொன்றதும், அதற்காக ரிக் அவளை வெளியேற்றியதும் முடிந்தன. “அவரும்தானே கொன்றிருக்கிறார், அவரை யார் வெளியேற்றுவது?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அதே சீசனில் இனி வரவிருப்பது, தன் பொறுப்பிலிருக்கும் சிறுமியைக் கேரலே சுடவேண்டி வரும் எபிசோடு. அந்தச் சிறுமி தங்கையைக் கொன்றுவிட்டு, அவள் எழுந்து நடப்பாள் என்று காத்திருப்பவள். அதை மகளுக்குக் காட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “ராத்திரியில் வேண்டாம். காலையில் போடு, நானும் உட்காருகிறேன்” என்றார்.