எடை குறைந்த ட்ரெக்கிங் சாமான்கள்: கடையில் சொன்னதில் எது நின்றது, எது நிற்கவில்லை

“எடை குறைவா ஒரு பேக் காட்டுங்க” என்று கேட்டால், விவரம் தெரிந்த ஊழியர் உடனே பேக்கை எடுத்துக் காட்ட மாட்டார். “உள்ளே என்னென்ன வைப்பீங்க?” என்றுதான் கேட்பார். எனக்கு வாய்த்தவர் பேக்கைக் கடைசியாக வாங்கச் சொன்னார். டெண்ட், ஸ்லீப்பிங் பேக், அடியில் விரித்துப் படுக்கும் பேட் மூன்றும் சுருங்கிய பிறகுதான் எவ்வளவு பெரிய பேக் வேண்டும் என்பதே தெரியும். சில வருடங்களாக அவர் பேச்சை நம்பி வாங்கியவற்றைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

சாப்பாடு, தண்ணீர், எரிபொருள் நீங்கலான எடை 9 கிலோவுக்குள் இருந்தால் லைட்வெயிட், 4.5 கிலோவுக்குள் வந்தால் அல்ட்ராலைட் என்பது பரவலான கணக்கு. நான் முதல் வகையிலேயே நின்றுவிட்டேன். அதற்குக் கீழே போனால் தூக்கத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது, அது எனக்கு ஒத்துவராது.

அளவெடுக்கும் விஷயத்தில் கடைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. உயரத்தைப் பார்த்து பேக் சைஸ் சொல்லாமல், குனியும்போது கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை டேப் வைத்து அளந்தார். மணல் பைகளை உள்ளே போட்டு, கடைக்குள்ளேயே படியேறி இறங்க வைத்தார். இன்றுவரை தோள்வலி என்று ஒன்று வந்ததில்லை.

ஸ்லீப்பிங் பேகில் இருக்கும் கம்ஃபர்ட் (குளிராமல் தூங்கலாம்), லோயர் லிமிட் (சுருண்டு படுத்துச் சமாளிக்கலாம்) என்ற இரண்டு வெப்பநிலைகளில் முதலாவதை மட்டும் பாருங்கள் என்றதும் சரியாகவே இருந்தது. பேடுக்குப் பார்க்க வேண்டியது ஆர்-மதிப்பு, அதாவது தரையின் குளிரை அது எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண். 2020 வாக்கில் பொதுவான சோதனை முறை புழக்கத்துக்கு வந்ததால், இப்போது வேறு வேறு பிராண்டுகளை நேராக ஒப்பிடலாம். இரண்டு பேடை அடுக்கினால் மதிப்புகளும் கூடும். அதனால் குளிர்காலத்துக்கென்று தனியாக வாங்காமல், இருப்பதன் அடியில் மெல்லிய ஃபோம் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கிறேன்.

ஆனால் டெண்டைப் பற்றிக் கடையில் கிடைத்தது கிராம் கணக்கு மட்டும்தான். மீதியை அங்கே பழுதுபார்க்க வந்திருந்த ஒருவர் சொன்னார்: “சில்நைலான், அதான் சிலிகான் பூசின நைலான், நனைஞ்சா தொய்யும். சாயங்காலம் எவ்வளவு விறைப்பா கட்டினாலும், ராத்திரி ஒரு தடவை எழுந்து இழுக்கணும்.” அப்படியேதான் நடக்கிறது. மழை பெய்தால் துணி தொய்ந்து முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், கயிற்றிலுள்ள கொக்கியை இரண்டு விரல் அளவு நகர்த்தினால் சரியாகிவிடும். பாலியெஸ்டர் துணியில் இந்தத் தொல்லை குறைவு. அன்று கேட்டுக்கொண்டிருந்த ஊழியர், இப்போது டெண்ட் வாங்க வருபவர்களிடம் அவராகவே இதைச் சொல்லிவிடுகிறார்.

ஷூ விஷயத்தில் நான் நடப்பவர்கள் கட்சி. கடையில் வாட்டர்ப்ரூஃப் பூட்ஸைத்தான் நீட்டினார்கள். ஓடை கடக்கும்போது தண்ணீர் கணுக்காலுக்கு மேலே ஏறி உள்ளே இறங்கிவிட்டால், அது லேசில் காயாது. ட்ரெயில் ரன்னர் எனப்படும், காட்டுப்பாதையில் ஓடுவதற்கான லேசான வலைத்துணி ஷூ நடக்க நடக்கவே காய்ந்துவிடும். ஆயுள் குறைவு என்பது உண்மைதான். சுண்டுவிரல் பக்கம் கிழிந்த ஜோடியைக் கொண்டுபோய்க் காட்டினேன், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த மாதிரித் தரையில் நடந்தேன் என்று விசாரித்தார்கள். அந்த ஆர்வம் எல்லாக் கடையிலும் கிடையாது. சில இடங்களில் இருப்பதிலேயே லேசானதை நம் தலையில் கட்டுவதுதான் குறி.

தண்ணீர் ஃபில்டருக்குச் சொன்ன ஒரே ஒரு வரி, அதன் விலையைவிடப் பெரிது: ஒருமுறை நனைந்த நுண்குழாய் ஃபில்டர் உறைந்துபோனால், வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே வெடித்திருக்கும். உறையும் குளிரில் என்னோடு ஸ்லீப்பிங் பேகுக்குள்தான் அது தூங்குகிறது.

அடுத்து மாற்ற வேண்டியது மழைக்கோட்டு. புதிதாக வாங்கும் முன் துவைத்து, மிதமான சூட்டில் உலர்த்திப் பாருங்கள் என்றார்கள். செய்தேன். நெஞ்சிலும் கையிலும் தண்ணீர் மறுபடி முத்து முத்தாக உருள்கிறது. பேக் பட்டை உரசும் தோளில் மட்டும் பலனில்லை, துணி ஊறிவிடுகிறது. கோட்டையும் பேக்கையும் சேர்த்தே எடுத்துப்போய்க் காட்டப் போகிறேன்.